பலகை எந்தப் பிரிவு?

சரக்கு ஏற்றி இறக்கும் இடங்களில் இனி யாரும் விழுந்து அடிபடக் கூடாது என்று ஒருங்கிணைந்த சரக்குப் பாதுகாப்பு வாரியம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. அதை மதிக்காமல், சங்ககிரிப் பக்கம் ஒரு கூட்ஸ் ஷெட்டில் கதிர்வேல் என்கிற லோடுமேன் விழுந்துவிட்டான். அதுவும் பாதுகாப்பு வார விழாவுக்கு முந்தின நாள் பார்த்து விழுந்தான்.

ரயில் வேகன் வாசலுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருக்கும். அதன்மேல்தான் உர மூட்டையோடு நடக்க வேண்டும். பலகை உளுத்தது என்பது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். சாமி பேரைச் சொல்லிக்கொண்டு நடப்பார்கள். அன்றைக்குச் சாமி வேறு வேலையாக இருந்தார் போலிருக்கிறது. பலகை விரிசல் விட்டுச் சாய்ந்ததில் கதிர்வேலின் கால் எலும்பு முறிந்துபோனது.

வேலையிடத்தில்தான் விழுந்தான் என்று வாரியம் ஒரு வார்த்தை சொன்னால் ஆபரேஷன் செய்வோம், இல்லாவிட்டால் வெறும் கட்டுத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கால் கோணிப்போனால் மூட்டை தூக்கிப் பிழைக்க முடியாது. கூட வேலை செய்யும் ஈஸ்வரின் தோளைப் பிடித்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்கு நொண்டிப் போனான். அங்கே அதிகாரிகள் எல்லாரும் மின்விசிறிக்கு அடியில் மஞ்சள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரத்துக்கு அதுதான் பேஷன்.

ரயில் பிரிவு அதிகாரி ஜீவானந்தம் பொறுமையாக விசாரித்தார்.

"விழும்போது கால் வேகன்ல இருந்துச்சா?"

"இல்லீங்க. பலகை மேல இருந்துச்சுங்க."

"அப்ப ரயிலை விட்டுப் பத்திரமா இறங்கியாச்சு. ரொம்ப சந்தோஷம்" என்று கை குலுக்கினார்.

சாலைப் பிரிவு அதிகாரி தமிழ்ச்செல்வி, லாரியில் ஏறாதவன் லாரியிலிருந்து எப்படி விழ முடியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறகு அதிகாரிகள் வடையும் டீயுமாகக் கூடிப் பேசினார்கள். பலகைக்குச் சக்கரம் இல்லை, இன்ஜின் இல்லை. விழுந்தவன் வேகனையும் தொடவில்லை, லாரியையும் தொடவில்லை. காற்றில் மட்டுமே பயணம் செய்திருக்கிறான். ஆகவே இது வான்வழிப் போக்குவரத்து என்று முடிவானது.

வான் பிரிவு அதிகாரிக்குப் பதவியேற்ற நாளிலிருந்து ஒரு வேலையும் வந்ததில்லை. எழுந்து நின்று வரவேற்றார்.

"பறக்கும்போது சீட் பெல்ட் போட்டிருந்தீங்களா?"

"மூட்டைதானுங்க இருந்துச்சு."

"அப்ப இது விபத்து இல்லை. விதிமீறல்."

மறுநாள் விழாவில் மூன்று பிரிவுக்கும் விபத்தே இல்லாத பிரிவு என்று கேடயம் கொடுத்தார்கள். கதிர்வேலுக்கு வெறும் கட்டுப் போட்டார்கள். கால் கோணலாகத்தான் கூடும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பார்க்க வந்த லோடுமேன்களிடம் அவன் சொன்னது இதுதான்: "எல்லாம் கண்ணு பட்டதுங்க. பலகைக்கு ஒரு பூசணிக்காய் சுத்தி உடைச்சிருங்க."

இருப்பதிலேயே பெரிய பூசணியாக வாங்கிவந்தார்கள். விரிசல் விட்ட பலகையைக் கயிறு போட்டுக் கட்டி, மஞ்சள் பூசி, எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டார்கள். ஜீவானந்தமே ஹெல்மெட்டோடு வந்து சூடம் ஏற்றினார். பூசணியைச் சுற்றிப் பலகைக்கு முன்னால் போட்டு உடைத்தார்கள். பலகையை மாற்றலாமே என்று ஒரு வாய்கூடப் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் பக்கத்துக் கட்டிலில் ஈஸ்வரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். இடுப்பெலும்பு போயிருந்தது.

"எதுலப்பா உளுந்தே? வேகனா, லாரியா?" என்று கதிர்வேல் கேட்டான். அனுபவப்பட்டவன் அல்லவா.

"பூசணில வழுக்கீருச்சுங்கண்ணா."

கதிர்வேல் யோசித்துப் பார்த்தான். "அப்ப வேளாண்மை ஆபீசைத்தான் பார்க்கோணும். அது இருக்கட்டும், அந்தப் பலகையை மாத்துனாங்களா?"

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு ஈஸ்வர் சொன்னான்: "அது எதுக்குங்கண்ணா? அதான் திருஷ்டி கழிச்சாச்சே."