எல்லாத்துக்கும் ஆகிற துப்பாக்கி

கருக்கலில் நாய் குரைத்தது. கண்ணுச்சாமி ஒரே தாவலில் எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

சுவரில் மூன்று துப்பாக்கிகள் தொங்கின.

"பன்னி வந்திருக்கு" என்றார்.

"பன்னிதான்னு கண்டீங்களா? முயலா இருந்தா?" என்றாள் அவர் மனைவி செல்லத்தாய், பாயில் உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டே.

"முயலுக்கா நாய் இம்புட்டுக் குரைக்கும்?"

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. ரைபிளைத் தூக்கிட்டு ஓடுனா கவுதாரி பறந்துச்சு. இரட்டைக்குழலைக் கொண்டாந்திருந்தா ஒரு சட்டிக் குழம்பு ஆச்சேன்னு யாரு புலம்புனது?"

அது உண்மை. இரட்டைக்குழல் பறவைக்கும் முயலுக்கும். ரைபிள், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரிடம் வாங்கியது, மானுக்கும் பன்றிக்கும். மூன்றாவது அப்பா காலத்தது. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்க வேண்டும். கெட்டித்து முடிப்பதற்குள் மிருகத்துக்கு வயதாகிவிடும். அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

ரைபிளை எடுத்தார். வைத்தார். இரட்டைக்குழலை எடுத்தார். செல்லத்தாய் விளக்கைத் தூண்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ள குறையையும் நிறையையும் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு அக்கறை உள்ள பெண்பிள்ளை பேரையூர் வட்டாரத்திலேயே கிடையாது.

அவர் முடிவெடுத்துக் கடலைக்காட்டுக்கு ஓடியபோது வானம் வெளுத்திருந்தது. காவல்காரன் தவசி வரப்பில் கம்போடு நின்றான். அவன் காலடியிலிருந்து வேலி வரைக்கும் கடலைச்செடிகள் பிடுங்கப்பட்டு, மண் கிளறிக் கிடந்தது.

"பன்னியாடா?"

"பன்னி மாதிரியும் இருந்துச்சுங்கய்யா. மான் மாதிரியும் இருந்துச்சு."

"ரெண்டும் ஒரே மாதிரியாடா இருக்கும்?"

"ஓடுறப்ப ஒரே மாதிரிதாங்கய்யா இருக்கு."

சாவடியில் இது தினமும் பேச்சாகிவிட்டது.

"அண்ணே, பன்னிக்கு ஒரு தபால் போட்டுருங்க" என்றான் பக்கத்துக் காட்டுக்காரன் விருமாண்டி. "இன்னைக்கு எந்தத் துப்பாக்கின்னு தெரிஞ்சா அதுவும் தோதா வரும்ல?"

சாவடி சிரித்தது.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாதீங்க. உங்க பன்னி ரொம்ப மரியாதையான பன்னி. என் கடலைக்குள்ள இதுவரைக்கும் காலே வச்சதில்ல."

"உன் கடலை அந்த லட்சணம். பன்னிக்கும் ருசி தெரியும்டா" என்றார் கண்ணுச்சாமி.

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. ஊரில் துப்பாக்கி உள்ள ஒரே வீடு அவருடையது. பன்றி மேய்கிற ஒரே காடும் அவருடையது. கடலை பறிப்பதற்குள் ஒரு பன்றியைச் சாய்த்து, அதைச் சாவடி முன்னால் இழுத்துவந்து போட்டால்தான் இனி இந்த ஊரில் நிமிர்ந்து நடக்க முடியும்.

அடுத்த தடவை நாய் குரைத்ததும் மூன்றையும் தூக்கிக்கொண்டு ஓடினார். தோளுக்கு ஒன்று, கையில் ஒன்று. ஓடை இறக்கத்தில் ஒன்றின் வார் இன்னொன்றில் சிக்க, மூன்றும் அவருமாக உருண்டார்கள். அப்பாவின் துப்பாக்கி தானாக வெடித்தது. பறவை விரட்ட நட்டிருந்த வைக்கோல் பொம்மைக்குத் தலை போயிற்று. அந்த வீட்டுத் துப்பாக்கி எதையாவது வீழ்த்தி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"குறி தப்பலைங்கய்யா" என்றான் தவசி.

பிறகு, துப்பாக்கி காட்டிலேயே இருந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்று தோன்றியது. ரைபிளைக் காவல் குடிசையில் தவசியிடம் ஒப்படைத்தார். நாய் குரைத்தது. வெறுங்கையோடு ஓடினார். குடிசை காலியாக இருந்தது. தவசி வேறு தடத்தில் வீட்டுக்குப் போயிருந்தான், ரைபிளோடு.

"பனியில துரு ஏறிரும்னு கொண்டுபோய்க் குடுத்தேங்கய்யா. அம்மாதான் அப்படிச் சொல்லியிருந்தாக."

சரி, மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும், தோட்டா போட்டுத் தயாராக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். அடுத்த கருக்கலில் ரைபிளின் குதிரையைத் தட்டிப் பார்த்தால் வெறும் சத்தம்தான் வந்தது. செல்லத்தாய் எல்லாத் தோட்டாக்களையும் உருவி, துடைத்து, ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். இருட்டில் துழாவினார். ரைபிளுக்கு உரியது இரட்டைக்குழலுக்குள் கடகடவென்று ஆடியது. இரட்டைக்குழலுக்கு உரியது ரைபிளுக்குள் போக மறுத்தது.

"ரெண்டும் பித்தளைதானே?" என்றாள் அவள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். மூணையும் குடுத்துட்டு ஒண்ணு வாங்கப் போறேன். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணே ஒண்ணு."

செல்லத்தாயின் கை டப்பாவின் மூடியிலேயே நின்றது.

"எதுக்குங்க? மூணும் இருந்துட்டுப் போகட்டும்."

"ஒவ்வொண்ணு வாங்குறப்பவும் வீட்டை விட்டுப் போறேன்னு நின்னவடி நீ!"

"இப்பப் பழகிப்போச்சு. சுவரு நிறைஞ்சு இருக்கு."

"எனக்குச் சுவரு நிறைய வேணாம். பன்னி சாகணும்."

"இருக்கிறதையெல்லாம் வேணாம் வேணாம்னு தள்ளிக்கிட்டே போனா, கடைசியில வீட்டுல என்னதான் மிஞ்சும்?"

அவள் துப்பாக்கியைச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒரே மகள் அழகம்மாளுக்கு அவர் உசிலம்பட்டியில் பெரிய இடம் பேசி வைத்திருந்தார். அவளோ அம்மாவின் அண்ணன் மகன் காளையைத்தான் கட்டுவேன் என்று சொல்லி, கட்டியும்விட்டாள். காளைக்கு நாலு குறுக்கம் வானம் பார்த்த பூமி. வானம் அவனைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் மகள் பெயரைச் சொல்லக்கூடாது என்பது கண்ணுச்சாமியின் உத்தரவு. பக்கத்து ஊர்தான். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவுதான் தூரம்.

"மாசமா இருக்காளாம்" என்றாள் செல்லத்தாய்.

அவர் சுவரைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். உம் என்று ஒரு சத்தம் வந்திருந்தால்கூடப் போதும்.

"மதுரைக்குக் காலை பஸ்ஸுல போறேன்" என்றார்.

துப்பாக்கிக் கடை வெங்கடரமணன் மூன்றையும் மேஜைமேல் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வச்சிருக்கிறவங்க நாலாவதுக்குத்தான் வருவாங்க. குறைக்கிறதுக்குன்னு வந்தவர் நீங்க ஒருத்தர்தான். ஐயா, ஒண்ணு எல்லாத்துக்கும் ஆகாது. ஆகும்னா நான் எதுக்கு இத்தனை அடுக்கி வைக்கணும்?"

"எனக்கு யோசிக்கிற வேலை இருக்கக்கூடாது. எடுத்தோம், சுட்டோம்னு இருக்கணும்."

வெங்கடரமணன் பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து ஒரு ரைபிளைக் கொண்டுவந்தார். கையில் எடுத்ததுமே கண்ணுச்சாமிக்குப் பிடித்துவிட்டது.

"இது பன்னிக்கு ஆகுமா?"

"ஒரே குண்டு போதும்."

"முயலுக்கு?"

"முயல் சாகும். சமைக்கிறதுக்குத்தான் ஒண்ணும் மிஞ்சாது."

"கவுதாரிக்கு?"

"கவுதாரி உட்கார்ந்த இடம் மிஞ்சும்."

"அப்ப எல்லாத்துக்கும் ஆகும்னு சொல்லுங்க."

"சாகுறதுக்குன்னா எல்லாத்துக்கும் ஆகும் ஐயா. சும்மா காயம்பட்டு ஓடட்டும்னு நினைச்சா சிறு ரவை போடுற அந்த இரட்டைக்குழல் நல்லது. அதை மட்டுமாவது வச்சுக்கிடுங்களேன்."

"காயப்படுத்தவா நான் மதுரைக்கு வந்தேன்?" என்றார் கண்ணுச்சாமி.

லைசென்ஸில் மூன்றை அடித்து ஒன்றை எழுதி வாங்கத் தல்லாகுளம் ஆபீஸுக்கும் கடைக்குமாக அலைந்துவிட்டு ஊர் திரும்பினார். கப்பலூர் தாண்டும்போது பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர், "வேட்டைக்கா?" என்று கேட்டார். வெகுகாலத்துக்குப் பிறகு கண்ணுச்சாமி சிரித்தார்.

வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகள் சும்மா இருந்தன. செல்லத்தாய் அவற்றைப் பார்த்தாள். புதிய ரைபிளைப் பார்த்தாள். அன்று பொழுது சாய்ந்ததும் பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள்.

"இருட்டுற நேரத்துல என்ன ஊர்வலம்? காலையில போகலாம்" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார்.

கருக்கலில் நாய் குரைத்தது.

கண்ணுச்சாமி யோசிக்கவில்லை. யோசிக்க ஒன்றுமில்லை. எழுந்தார், எடுத்தார், நடந்தார். வாழ்க்கை இவ்வளவு சுலபமா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

"ஏங்க, எதை எடு..." என்று ஆரம்பித்த செல்லத்தாய் பாதியில் நிறுத்தினாள். "நீராகாரம் குடிச்சிட்டுப் போங்க."

"வந்து குடிக்கிறேன்."

"செருப்பு மாட்டிக்கிட்டு..."

"வேணாம்."

வாசலைத் தாண்டும்போது பின்னால் பித்தளைக் குடம் விழுந்து படிப்படியாக உருண்டது. ஊரையே எழுப்புகிற சத்தம்.

"அறிவு இருக்காடி? பன்னி ஓடிரும்!"

"கை நழுவிருச்சுங்க" என்றாள். குடத்தை அவள் எடுக்கவில்லை.

வரப்பில் தவசி அவரைப் பார்த்ததும் இருமத் தொடங்கினான். நெஞ்சே பிளக்கிற மாதிரி இருமினான்.

"வாயை மூடுறா!"

"தொண்டை கரகரங்குதுங்கய்யா. அய்யா, இன்னைக்குப் பார்த்தா மான் மாதிரிதான்..."

"எதுவா இருந்தா என்னடா? இது எல்லாத்துக்கும் ஆகும்."

வேலியோரம் கடலைச்செடி அசைந்தது. கருப்பாக ஏதோ குனிந்திருந்தது, எழுந்தது. அவர் சுட்டார்.

ஒரு அலறல். அடிபட்ட பன்றி எப்படி அலறும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தாரே தவிர, கேட்டதில்லை. இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார். முள்வேலி முறிந்தது. எதுவோ விழுந்து, எழுந்து, காலை இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் தேய்ந்து போயிற்று.

கிட்டே போய்ப் பார்த்தார். வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. இலைகளின்மேல் ரத்தம். கண்ணுச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பட்டுருச்சுடா! ஒரே குண்டு! போ, விருமாண்டியைக் கூப்பிடு. சாவடியில உள்ள அம்புட்டுப் பேரையும் கூப்பிடு. வந்து பார்க்கட்டும்!"

தவசி போகவில்லை. பிடுங்கிய செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா உட்கார்ந்துட்ட? ரத்தம் காயுறதுக்குள்ள தடத்தைப் பாரு. எந்தப் பக்கம் போயிருக்கு?"

தவசி தலையை நிமிர்த்தவில்லை.

"தடம் பார்க்க வேணாங்கய்யா. உங்க மக வீட்டுக்குத்தான் போயிருப்பாரு."