மாடிக்குப் போன கேபிள்

"மறுபடி போச்சு மனுஷா! மேல வந்து பாருங்க!"

மாடியிலிருந்து ரோசிலி குரல் கொடுத்ததும், கீழே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பவுலோஸ் தலையில் அடித்துக்கொண்டார். "கர்த்தாவே! தாலி கட்டுற நேரத்துல நின்னுடுச்சே!"

நின்றது கல்யாணம் அல்ல, கல்யாண வீடியோ. திருச்சூரில் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டிலேயே பார்க்கும் தொழில் அது. அவர் கீழே வெட்டி ஒட்டுவார், அவள் மேலே நிறம் திருத்துவாள். ஈஸ்டர் வரை நோன்பு என்பதால் வேலையே இருக்காது. ஈஸ்டர் முடிந்தால் ஊரிலுள்ள அத்தனை கிறிஸ்தவக் கல்யாணமும் இவர்கள் தலையில்தான் விழும்.

முன்பெல்லாம் பவுலோஸே ஹார்ட் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு பத்துத் தடவை மாடி ஏறுவார். இந்த வருஷம் கேபிள் இழுத்து இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டார். சேர்த்த நாளிலிருந்து ரோசிலிக்கு முகமே சரியில்லை.

"எர்ணாகுளத்துல அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. போயிடலாம்னு பார்க்கறேன். நான் இங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்று போன வாரம் சொன்னாள். பவுலோஸ் பயந்துபோனார். இந்த வயதில் அவள் இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. ஆனால் மனுஷன் யோசித்தது என்ன? கேபிள் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது, பாவம், அவளுக்கு அலுத்துவிட்டது. அதைச் சரிசெய்தால் இருந்துவிடுவாள்.

டார்ச்சோடு மாடிக்குப் போய் மேஜைக்கு அடியில் நுழைந்தார். பிளக் கழன்று கிடந்தது.

"எலி வேலைதான்."

"எலியா?"

"வேற யாரு? இந்த வீட்ல நீயும் நானும்தானே இருக்கோம்?"

"அதுவும் சரிதான். பழம்பொரி ஆறிடும், முதல்ல சாப்பிடுங்க."

மேஜைக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டி, அந்த வாழைப்பழ பஜ்ஜியை வாங்கித் தின்றார். என்ன தின்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் தன் அண்ணன் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "உம், உம்" என்று பிளக்குக்குப் பதில் சொன்னார்.

மறுநாள் எலிப்பொறி வைத்தார். அதில் அவர் கட்டைவிரல்தான் மாட்டியது. அதற்கடுத்து, கேபிளைச் சுவருக்குள் புதைக்கிறேன் என்று துளை போட்டார். தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்து, படிக்கட்டு அருவியானது. இரண்டு பேரும் வாளியும் துணியுமாய்ச் சாயங்காலம் முழுக்க அள்ளிக் கொட்டினார்கள். ரோசிலி என்னவோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்குச் சிரிப்பு வருதா?"

"எத்தனை வருஷமாச்சு மனுஷா, நாம சேர்ந்து ஒரு வேலை பார்த்து!"

புது கேபிள், இருப்பதிலேயே வேகமானது, வந்தது. அதுவும் டீ நேரத்துக்குச் சரியாகக் கழன்றுகொண்டது. பவுலோஸுக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு குப்பிப் பசையை அப்படியே பிளக்கின் மேல் ஊற்றினார்.

"எடீ, இனி யானையே வந்து இழுத்தாலும் வராது! நான் மேல வரவே வேண்டாம். ஏதாவது சொல்லணும்னா டைப் பண்ணு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எனக்கு வந்துடும்."

ரோசிலி அந்தப் பசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பண்ணிட்டீங்க" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. ஒரு முழுக் கல்யாணம், சாப்பாட்டுப் பந்தி உட்பட, ஒரு வாய் டீ குடிப்பதற்குள் மாடி ஏறிவிடும். டீயைத்தான் அவரே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மேலேயிருந்து "சரி" வரும், "முடிஞ்சது" வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வீடு திரும்பிய பிறகு, "அக்கா வீட்டுக்குப் போறேன். எல்லா ஃபைலும் அனுப்பிட்டேன்" என்று வந்தது. செய்தி என்னவோ உடனேதான் வந்தது. அவர் வேலை மும்முரத்தில் அதைப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். அறை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. 'சனியனே, தொடக்கத்திலேயே நல்ல கேபிளாகப் போட்டிருக்கக் கூடாதா? நொந்துபோய்க் கிளம்பிவிட்டாளே!' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

விடிந்ததும் கேபிள் கடைக்குப் போய் நின்றார். கடைக்கார ஜின்டோ அப்போதுதான் கதவைத் திறந்திருந்தான்.

"டேய், இதைவிட வேகமா, அறுந்தே போகாதது எதுடா இருக்கு? என்ன விலைன்னாலும் கொடு. ரோசிலி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. இதைச் சரி பண்ணிட்டுத்தான் கூப்பிடப் போகணும்."

ஜின்டோ திருதிருவென்று விழித்தான். தலையைச் சொறிந்தான்.

"சேட்டா, கேட்டா திட்டக் கூடாது. சேச்சி போன மாசம் இங்க வந்து, தினம் நாலு மணிக்கு அறுந்துபோற மாதிரி கேபிள் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. அப்படியெல்லாம் வராது சேச்சின்னேன். 'பரவாயில்லடா, நானே பிடுங்கி விட்டுக்கறேன், அப்படியாவது அந்த மனுஷன் மேல வந்து என்கூட ஒரு வாய் டீ குடிக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க."