அரசர் முகம் போட்ட கிரைண்டர்

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத தென்புலி நாட்டை மகுடவர்மர் ஆண்டுவந்தார். மக்கள் தம்மை மறந்துவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் இலவசமாகக் கொடுத்தார். அதன் நாலு பக்கமும் அவருடைய சிரித்த முகம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லாக் கிரைண்டர்களும் நின்றுபோயின. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

செங்கமலத்தின் வீடு ஒற்றை அறை. மகள் அல்லி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவிருந்தாள். பாய் விரிக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. செங்கமலம் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி நகரக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோனாள்.

கிடங்கு அதிகாரி பரஞ்சோதியார் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரைண்டரை வணங்கினார்.

"அரசர் முகத்தைக் குப்பையில போடுறதா? ராஜதுரோகம்மா!"

செங்கமலம் வீட்டுக்குப் போய் முகத்தைச் சுரண்டிவிட்டு வந்தாள்.

"அடிப்பாவி! முகத்தைச் சுரண்டினது அதைவிடப் பெரிய குத்தம்!"

ஓவியரைப் பிடித்து மறுபடியும் வரையச் செய்தாள். இம்முறை அரசருக்கு மீசை கொஞ்சம் அதிகமாகவே வாய்த்தது.

ஊர் முழுக்க முணுமுணுப்பு எழவே, அரசவை கூடிப் புதிய ஆணை பிறப்பித்தது. ஓடாத கிரைண்டர்களைக் கிடங்கில் சேர்க்கலாம். மறுநாள் காலையிலேயே கிடங்கு வாசலில் நீண்ட வரிசை. பரஞ்சோதியார் ஆணையின் அடுத்த வரியையும் வாசித்தார்: "அரசர் வழங்கிய கிரைண்டர் ஓடாது என்று சொல்வது குற்றம்."

"அப்ப ஓடுதுன்னு சொல்லிடறேங்க" என்றாள் செங்கமலம்.

"ஓடுறதை யாராவது குப்பையில போடுவாங்களா? வீட்டுக்குக் கொண்டுபோம்மா."

பின்னால் நின்ற வேலப்பன் அலுத்துக்கொண்டான். "வீட்டுல அரசர் காலை நீட்டிப் படுத்திருக்காரு. நாங்க எங்கய்யா படுக்கிறது?"

அப்போது ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே அல்லி.

"அம்மா, வலி வந்திடுச்சும்மா."

ஏதாவது ஒரு விதியைக் காட்டி எதையுமே ஏற்காத கிடங்கு என்பதால் உள்ளே பெருக்கிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. நல்ல கூரை, நல்ல காற்று.

"ஐயா, இவளை மட்டுமாவது உள்ள விடுங்க."

பரஞ்சோதியார் விதிகளைப் புரட்டினார். அல்லியைச் சுற்றிவந்து பார்த்தார். அவள்மேல் அரசர் முகம் எங்கும் இல்லை. "போகலாம்."

பெண் குழந்தை பிறந்தது. காற்றோட்டமான இடம் என்று கேள்விப்பட்டு வேலப்பன் குடும்பம் வந்தது. பிறகு தெரு வந்தது. கடைசியில் ஊரே கிடங்குக்குக் குடிபெயர்ந்தது. வீடுகளில் கிரைண்டர்கள் வசதியாக வாழ்ந்தன.

தேர்தல் வந்தது. தென்புலி நாட்டுச் சட்டப்படி அரசரையும் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; வீட்டுக்கு ஒரு வாக்கு. அமைச்சர் ஒவ்வொரு வீட்டிலும் எட்டிப் பார்த்தார். உள்ளே சிரித்த முகம். அரசருக்கு ஒரு வாக்கு என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

செங்கமலம் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, எங்க வாக்கு?"

"எங்கம்மா குடியிருக்கீங்க?"

"குப்பைக் கிடங்குலங்க."

"அங்க என்ன இருக்குன்னு வாசல் பலகையிலயே போட்டிருக்கே! அதுக்கெல்லாம் வாக்கு கிடையாதும்மா."

எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல் மகுடவர்மர் வென்றார். மகிழ்ச்சியில் வீட்டுக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரம் அறிவித்தார். அதே சிரித்த முகம் போட்ட இயந்திரங்களை ஏற்றிய வண்டிகள் கிடங்கைக் கடந்து ஊருக்குள் வரிசையாகப் போயின. வழியில் நின்ற செங்கமலத்தைப் பார்த்து முதல் வண்டிக்காரன் கத்தினான்.

"ஓரமா நில்லும்மா! அரசர் வீட்டுக்குப் போறாரு!"