எட்டு மாதமாக என்னை வகைப்படுத்தியவர்

உலகத்தில் மனிதன் என்று ஒரு ஜென்மமே கிடையாது என்று உறுதியாக நம்பியவர், எங்கள் நாமக்கல் லாட்ஜில் இருந்த 'முதுகெலும்பு'. முதுகெலும்பு உள்ளதெல்லாம் அவருக்கு ஐந்தே வகை: மீன், தவளை, ஊர்வன, பறவை, பாலூட்டி. நீங்களும் நானும் அதில் ஒன்றில் அடங்கியாக வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் லாட்ஜ் பதிவேட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை.

பகலெல்லாம் கோழிப்பண்ணைகளில் தடுப்பூசி போடும் வேலை. சாயங்காலம் குளித்துவிட்டு அறை அறையாக வருவார். புது ஆள் என்றால் திரும்பி நிற்கச் சொல்லி, பிடரியிலிருந்து கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்ப்பார். "இருக்குதுங்க. எந்த வகைன்னு பாத்துச் சொல்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பக்கத்து அறை வங்கி ஊழியர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். மீனுக்குத்தான் இமை கிடையாது, அதனால் அவர் மீன். பாதி வாரம் லாட்ஜிலும் பாதி வாரம் ஆட்டையாம்பட்டி மாமனார் வீட்டிலுமாகக் காலம் தள்ளிய டயர் வியாபாரி தவளை. எலும்புக்குள் காற்றுதான் இருக்கிறது என்று லாட்ஜ் முதலாளியையே பறவையாக்கினார். பெட்டியைத் தூக்கி ரோட்டில் வீசிவிடுவேன் என்று முதலாளி குதித்தார். கோபம் வந்தால் பறவை இறகைச் சிலுப்பும், அதுவும் பொருந்துகிறது என்று இவர் நிதானமாகச் சொன்னார்.

பாலூட்டி என்று மட்டும் யாரையும் சொன்னதில்லை. பாலூட்டி என்றால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும், தனித்தனி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளாது என்பது அவர் வாதம்.

என் வகையையும் சொல்லவில்லை. எட்டு மாதம், தினமும் வந்து உட்கார்ந்து என்னையே பார்ப்பார். கேட்டால் இன்னும் பிடிபடவில்லை என்பார். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. ஒரு மழை நாள் சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. என் அறையில் மின்விசிறியைத் தவிர வேறு சத்தமே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்றாம் நாள் நானே அவர் அறைக்குப் போனேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டீ எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"ஏனுங்க, ரெண்டு நாளா காணோம்?"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க."

வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்ற, என் வகை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது மொத நாளே தெரியுமுங்க. சொல்லிட்டா அப்புறம் உங்க ரூமுக்கு வாரதுக்கு எனக்கு என்ன சோலிங்க?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்ன வகை என்று கேட்டேன்.

"நான் ஊர்வனங்க. உள்ள சூடு கெடையாது, வெளிய இருந்துதான் வாங்கிக்கோணும். பகலெல்லாம் கோழியப் புடிச்சுப் புடிச்சு கை சூடாவே இருக்கும். ரூமுக்கு வந்தா சில்லுன்னு ஆயிருது."

தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள், நாளைக்கு வாருங்கள், இரண்டு பேருமாக இன்னொரு தரம் பார்ப்போம் என்றேன். வந்தார். நான் லாட்ஜைக் காலி செய்யும் வரை தினமும் வந்தார்.

இப்போது நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி நாமக்கல் போய், அவர் எதிரே உட்கார்ந்து அவரையே உற்றுப் பார்க்கிறேன். "பிடிபட்டுச்சுங்களா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன்.

அந்த லாட்ஜில் இருந்த ஒரே பாலூட்டி அவர்தான். சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு போவதற்கு எனக்கு என்ன சோலி?