உறை பிரிக்காதவர்

நம்மிடையே ஒரு ரகம் உண்டு. தெருவில் பார்த்தால் தெரியாது, வீட்டுக்குள் போனால் தெரியும். சோபாவில் உட்கார்ந்தால் வாங்கின அன்று போட்டிருந்த பிளாஸ்டிக் இன்னும் சரசரக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் விளிம்பு உடைந்த டம்ளரில் வரும். நல்ல டம்ளர்கள் ஆறும் அட்டைப்பெட்டிக்குள் ஏதோ ஒரு நல்ல நாளுக்காகக் காத்திருக்கும். எந்த நாள் என்று கேட்காதீர்கள். அது அவர்களுக்கே தெரியாது.

நம் கதாநாயகர் அந்த ரகத்துக்கே தலைவர். போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காமல் இருக்கக் காட்மியம் முலாம் பூசும் பட்டறையில், இருபது வருஷமாகத் தொட்டி பார்க்கிறவர். காட்மியம் போல்ட்டுக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது. அதனால் பட்டறை வருஷம் தவறாமல் ஆளுக்கொரு முகமூடி தரும். அதை இரண்டு கையாலும் வாங்கி, உறைக்கு மேலேயே தடவிப் பார்த்து, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவின் மேல்தட்டில் அடுக்கிவிட்டு, மறுநாள் மனைவி தரை துடைக்க ஒதுக்கிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தொட்டியடிக்கு வந்து நிற்பார். புதுசு அழுக்காகிவிடாதா?

சிகரெட்டும் உண்டு. பாதி பிடித்து, மீதியைக் காதுக்குப் பின்னால் செருகி வைப்பார். தூக்கிப்போட மனசு வராது. அந்தப் புகையிலும் காட்மியம் இருக்கிறது என்று கூட வேலை பார்க்கிறவர் சொன்னபோது, "அதான் பாதிதானே பிடிக்கிறேன்" என்றார்.

பட்டறையில் ஆட்களுக்குச் செய்யும் இந்த வருஷ மருத்துவப் பரிசோதனையில் அவர் சிறுநீரில் புரதம் வந்துவிட்டது. பட்டறை டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

"முகமூடி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க டாக்டர். மொத்தம் இருபது. ஒண்ணுலகூட ஒரு கீறல் கிடையாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காட்மியம் உள்ள போனா லேசுல வெளிய வராது. ஈரல்லயும் கிட்னியிலயும் உக்காந்துக்கும். பத்து வருஷம், முப்பது வருஷம்னு கொஞ்சங்கொஞ்சமா சேரும். வலிக்காது, அதனால தெரியாது. அப்புறம் கிட்னி கெட்டு, உடம்புல நிக்க வேண்டிய புரதம் ஒழுகும். கால்சியமும் போச்சுன்னா எலும்பு தேயும்."

"மருந்து குடுத்து வெளிய எடுத்துடுங்க."

"அப்படி நம்பிக் குடுக்க மருந்து இல்ல. இனிமே சேராமப் பாத்துக்கலாம், அவ்வளவுதான். தொட்டி வேலையும் சிகரெட்டும் இன்னியோட சரி. இருக்கற கிட்னியாவது தங்கும்."

மனுஷர் பயந்துபோனார். பிறக்கும்போதே புதுசாகக் கிடைத்த சிறுநீரகங்கள் இரண்டு. அவற்றை மட்டும் இப்படி உறை போடாமல் புழங்கிவிட்டோமே என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

மனைவி முக்காலியில் ஏறி இருபது முகமூடிகளையும் இறக்கினாள். "ஏங்க, உங்க உயிரைவிட இந்த உறையா ஒசத்தி?" என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இருபதையும் ஒரு பழைய துண்டில் மூட்டையாகக் கட்டினார்.

மறுநாள் அவரைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். மூட்டையோடு வந்த முகமூடிகளைப் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பதினெட்டு காலாவதி. உறைக்குள்ளேயே கிழடு தட்டிவிட்டன. மிச்சம் இரண்டு. அதில் ஒன்றைத் தொட்டிக்குப் புதிதாக வந்தவரிடம் நீட்டினார் நம்மவர்.

"அண்ணே, புத்தம் புதுசா இருக்கே!"

"கட்டு."

"கட்டறேண்ணே. இன்னிக்கு இந்தக் கைக்குட்டை போதும். இதை வீட்ல பத்திரமா..."

நம்மவர் அந்த உறையைப் பிடுங்கிப் பல்லாலேயே கிழித்தார். வாழ்க்கையில் முதல்முறை! முகமூடியை எடுத்து அந்த ஆளின் முகத்தில் தன் கையாலேயே மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் டிவி ரிமோட்டின் உறையைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, அது உங்கள் வீட்டு விவகாரம். ஆனால் போன வருஷம் ஆசையாக வாங்கினீர்களே ஒரு ஹெல்மெட், இன்று காலை வண்டியை எடுத்தபோது அது எங்கே இருந்தது?