சனிக்கிழமையைக் கேட்டு வருகிறவர்

காஷான்,
புதன் மாலை.

என் கண்ணின் ஒளியான அக்கா மகன் சியாமக்கிற்கு, உன் மாமா அர்தஷீர் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், உன் சிரித்த முகம் எங்கள் கண்ணை விட்டு மறையாதிருக்க வேண்டும். நாங்கள் இங்கே நலம். இந்த 'நாங்கள்' என்பதில் வாரத்துக்கு ஆறு நாள் மட்டும் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வெயில் சாயும்போதே வயிற்றைப் பிசைகிறது, விடிந்தால் வாரத்தின் முதல் நாள், அந்தச் சனிக்கிழமை நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, தெஹ்ரானில் உன் காப்பீட்டு அலுவலகப் படிக்கட்டு மேலே போகிறதா கீழே போகிறதா என்றே தெரியவில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்கு நான் பயப்படவில்லை. நம் நாட்டில் யாருக்குத்தான் அப்படி இல்லை? நான் பயந்தது அடுத்த பத்திக்கு. அலுவலகத்துக்குக் கீழே உள்ள தேநீர்க்கடையில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு கனவான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்கள் சனிக்கிழமைகளை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டாராம். வெள்ளி மாலை உன் அறைக்கே வந்து பதில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாராம். ஒரே சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி மூன்று குவளை தேநீர் குடித்துவிட்டு, கட்டியை நனையாமல் தட்டில் திருப்பி வைத்தாராம். 'வேடிக்கையான மனிதர், இல்லையா மாமா?' என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் விஷயத்தைச் சொல்ல மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் நம் வீட்டு வாசலுக்கும் வந்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், நல்ல மழை. அவர் கோட்டில் ஒரு துளி ஈரம் இல்லை.

"வாத்தியாரய்யா, சனிக்கிழமை உங்களுக்கு ரொம்ப பாரமா இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணும் பெரிசில்லீங்க. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க. இங்க இருக்கறதெல்லாம் உங்களுதுதானே" என்றேன்.

இதில் என் தப்பு என்ன, சொல். விருந்தாளி நம் பூச்சாடியைப் புகழ்ந்தால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். அவர் "ஐயோ வேண்டாம்" என்கிறார், நாம் வற்புறுத்துகிறோம், அவர் மறுக்கிறார், கடைசியில் பூச்சாடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படுகிறது. இந்த மனிதர் முதல் தடவையிலேயே "சரிங்க, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டே படுத்தேன்.

கண் விழித்தபோது உன் அத்தை தூபா தலைமாட்டில் நிற்கிறாள். "இன்னுமா தூங்குறீங்க? நேத்து பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டவரா இது?" என்கிறாள். "நேத்து வெள்ளிக்கிழமைடி" என்றேன். "ஆமா, எனக்கும் அப்படித்தான் ஆசை" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வருகைப் பதிவேட்டில் சனிக்கிழமைக்கு நேரே என் கையெழுத்து, என்னைவிட அழகாகப் போட்டிருந்தது. தலைமையாசிரியர் தோளில் தட்டி, "நேத்து பின்னம் நடத்துனீங்களே, வெளியில நின்னு கேட்டேன். பசங்க மூச்சே விடல" என்றார். "மூச்சேவா?" என்றேன். "மணி அடிக்கிற வரைக்கும்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு வருடம் நான் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். வெள்ளி இரவு படுப்பேன், ஞாயிறு காலை எழுவேன். அதற்குள் ஒழுகுகிற குழாய் சரியாகியிருக்கும், அரிசி களைந்து வைத்திருக்கும். "சனிக்கிழமை நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. மத்த நாள்ல யார் வந்து கெடுக்கறாங்கன்னுதான் தெரியல" என்பாள் உன் அத்தை. பிறகு நம் பரஸ்தூவின் நிக்காஹ் சனிக்கிழமையில் வந்தது. படத்தைப் பார்த்திருப்பாய். மகள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன். எண்ணிப் பார்த்தேன் சியாமக், அத்தனை பல் எனக்கு இருந்ததே இல்லை. "அன்னைக்கு நீங்க என் காதுல சொன்னதை சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்பா" என்று பரஸ்தூ இப்போதும் கண் கலங்குகிறாள். என்ன சொன்னேன் என்று பெற்ற மகளிடம் எப்படிக் கேட்பேன்?

சரி, பாரமாவது போயிற்றா என்றால் அதுவும் இல்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். காலை வணக்க வரிசையில் முதலில் நின்ற மாணவன் கண்ணில் வெயில் குத்துகிறது என்றான். வகுப்புக்கு அனுப்பினேன். உடனே இரண்டாமவன் கண்ணில் வெயில். அவனையும் அனுப்பினேன். கடைசியில் வரிசையே இல்லை, வெயில் மட்டும் அங்கேயே இருந்தது. சனி போனதும் எனக்கு ஞாயிறுதான் முதல் நாள். அதே வயிறு, அதே பிசைவு.

ஓய்வு பெற்றபின், அவர் வழக்கம்போல் ஒரு வெள்ளி மாலை சனிக்கிழமையை வாங்கிப்போக வந்தபோது தைரியமாகக் கேட்டேன்: "இப்ப எனக்குத்தான் வேலையே இல்லையே, சனிக்கிழமையைத் திருப்பித் தர முடியுங்களா?" அவர் பதறிப்போனார். "நீங்க ஆசையா குடுத்ததைத் திருப்பிக் குடுத்தா உங்களை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடுமே!" பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?" என்றார். "இறகு மாதிரி இருக்குங்க" என்றேன். அதையும் கொண்டுபோய்விட்டால்?

ஆகையால் மருமகனே, உன் சனிக்கிழமை எவ்வளவு கனத்தாலும் உன்னிடமே இருக்கட்டும். வயிறு பிசைந்தால் அந்த வயிற்றோடேயே போ. முதல் வேலையாக மேஜையைத் துடை, பென்சிலைச் சீவு, பத்து மணிக்குள் கொஞ்சம் இளகிவிடும். வெள்ளி மாலை அவர் வந்தால் கதவைத் திறக்காதே. திறந்துவிட்டால் உள்ளே கூப்பிடாதே. தப்பித்தவறிக்கூட "உங்களுதுதானே" என்று சொல்லிவிடாதே. "தர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீ முதல் ஆளாக இரு.

உன் அம்மாவின் கைகளை நான் முத்தமிட்டதாகச் சொல். ஆண்டவன் உன் எல்லா நாட்களையும் உன்னிடமே வைத்துக் காப்பானாக.

அன்புள்ள மாமா,
அர்தஷீர்.

பி.கு.: நாளைக் காலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பலாம் என்று இதை மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அவர்தான். புதன்கிழமையில் அவர் வந்ததே இல்லை. "தெஹ்ரானுக்குத்தான் போறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க மருமகன் தெருவுலதான் வேலை. குடுங்க, கையிலேயே சேத்துடறேன்" என்றார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று மூன்று முறை மறுத்தேன். மூன்று முறையும் வற்புறுத்தினார். நான்காவது முறை மறுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உறையை நன்றாக ஒட்டியே தருகிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிறவர் அல்ல அவர். நீ ஒன்று மட்டும் செய். இவ்வளவு தூரம் கடிதத்தைச் சுமந்து வருகிறவரை வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடாதே, நம் குடும்பத்துக்குத்தான் தலைகுனிவு. உள்ளே அழைத்து ஒரு தேநீராவது கொடு.