எண்ணக்கூடாத கோழிகள்

மூதூர்,
16.07.1976, வெள்ளிக்கிழமை

அன்பு மச்சான் அன்ஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூடப்பிறந்த ராத்தா லைலாவும் நானும் இங்கே சுகம். நீங்களும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தொழுது, குடையை பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்காமல் சுகமாக இருக்க வல்ல நாயன் துணை செய்வானாக. இது சுகம் விசாரிக்க மட்டும் எழுதுகிற கடிதமல்ல என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். தபாற்கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவன் நான். காரியமில்லாமல் ஒரு முத்திரையை நாக்கில் வைக்க மாட்டேன்.

காரியம் இதுதான். உங்கள் கந்தோரிலிருந்து சிவகுருநாதன் என்ற தம்பி இங்கே வந்து போனார். ‘கிராமியப் பெண்கள் வாழ்வாதார உணவுப் பாதுகாப்புத் திட்டம்’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாத ஒரு பெயரில், போன வருடம் எங்கள் மாதர் சங்கத்துக்குக் கோழிக்குஞ்சும் ஆட்டுக்குட்டியும் மரக்கறி விதையும் தந்தீர்களல்லவா, அவற்றால் பலன் கிடைத்ததா என்று பார்த்து எழுத வந்தவர். அவர் எழுதும் அறிக்கை உங்கள் தட்டெழுத்து மெசினுக்குத்தான் வரும். திட்டம் தோற்றுவிட்டது என்று அதில் இருக்கும். மச்சான், திட்டம் தோற்கவில்லை. கண்பட்டுக் கண்ணூறு வந்துவிடும் என்று பயந்து எங்கள் பெண்கள் அதைத் தோற்கடித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். என் தங்கச்சி அசனாவை நினைத்துத்தான். அவள் மாப்பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பாதது உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்தில் மீன்காரத் தெருவைச் சேர்க்கவில்லை, அடுத்த கட்டத்தில் தருகிறோம் என்று உங்கள் கந்தோர் சொன்னது. அதை நம்பி அவள் உடைந்த தோணிப் பலகைகளை வைத்துத் தன் கையாலேயே ஒரு கோழிக்கூடு அடித்து, குஞ்சு வரும் வரும் என்று அந்த வெறுங்கூட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். முதல் கட்டம் தோல்வி என்றால் அடுத்த கட்டம் ஏது?

இனி நடந்ததைச் சொல்கிறேன். சங்கத் தலைவி உங்கள் ராத்தா. பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு அந்நிய ஆம்பிளை தனியாகப் போக ஏலாது என்பதால் கூடப் போகும் உத்தியோகம் எனக்கு விழுந்தது. லோஞ்சில் வந்த தம்பிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, இறங்குதுறையில் இறங்கும்போதே முகம் பச்சையாக இருந்தது. இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்துத் தெம்பாக்கி முதலில் பக்கத்து வீட்டுப் பரீதாவிடம் கூட்டிப் போனேன். கேற்றைத் திறந்ததும் அந்த மனிதன் முற்றத்தில் நின்ற கோழிகளைப் பார்த்து, “அடேயப்பா, என்ன கொழுப்பு, எவ்வளவு கோழி” என்றார். கண் படாமலிருக்க ஒரு மாஷா அல்லாஹ் கூடச் சொல்லவில்லை. அவருக்கு அது வழக்கமில்லை, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் “சீ, நாசமாப் போன கோழி” என்றாவது சொல்லியிருக்கலாம். அவருடைய தாயும் அவர் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துத்தானே வளர்த்திருப்பார். பரீதா முக்காட்டை இழுத்துக்கொண்டு கோழிகளை வீட்டுக்குப் பின்னால் விரட்டினாள். திரும்பி வந்து, “அதுகளுக்குச் சுகமில்ல தம்பி, ரெண்டு நாளாத் தீன் எடுக்குதில்ல” என்றாள். கோழிகளோ பின்னால் நின்று ஊர் கேட்கக் கொக்கரிக்கின்றன. தம்பி நோய் என்று எழுதிக்கொண்டார். எழுதி முடிப்பதற்குள் அவருக்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பொரித்த முட்டை வந்துவிட்டது. முட்டை ஏது என்று கேட்டதற்கு, “கடையில எடுத்த” என்றாள். மூதூரில் பரீதாவிடம் முட்டை வாங்காத கடை எது என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் கோழியைப் புகழ்ந்த கதை எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்த வீட்டுக்குப் போகிறோம், பூசணிக்காய்களை எல்லாம் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். மூட முடியாத அளவுக்குப் பெரிய காய்களுக்குக் கரியால் பொட்டு வைத்திருக்கிறார்கள். தம்பி குனிந்து பார்த்து, ஒரு பொட்டை விரலால் தொட்டுப் பார்த்து, காய்களில் கரும்புள்ளி நோய் பரவியிருக்கிறது என்று எழுதினார். அதற்கடுத்த வீட்டில் ஆட்டின் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு பழைய செருப்பு. கால்நடைப் பராமரிப்புப் போதாது என்று அதற்கும் ஒரு குறிப்பு. நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்கும். இந்த ஊரில் பெண்கள் இருமினால் அதற்கு என்ன பொருள் என்று கலியாணம் முடித்த எனக்குத் தெரியும். “கத்தரிக்காய் காய்க்குதா?” என்று கேட்டால், “என்னத்தக் காய்க்குது, ஏதோ நிக்குது.” “ஆடு குட்டி போட்டதா?” “போட்ட மாதிரித்தான்.” இதை என்னவென்று எழுதுவார், பாவம்? குட்டி இரண்டும் அவர் காலுக்குள் துள்ளித் திரிகின்றன, அவை பக்கத்து வீட்டாருடையவை என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள்.

பகல் சாப்பாடு நம் வீட்டில். விருந்தாளி வந்த வீட்டுக்கு அயல் வீடுகள் ஆளுக்கொரு கறி கொடுத்துவிடுவது வழக்கம்தானே. சுகமில்லாத கோழி வந்தது. கரும்புள்ளி நோய் பிடித்த பூசணிக்காய் தேங்காய்ப்பால் விட்டு வந்தது. காய்க்காத கத்தரிக்காய் பொரித்து வந்தது. முட்டை அவித்தும் வந்தது, ஆணக் குழம்பாகவும் வந்தது. தம்பி அந்தத் திட்டம் முழுவதையும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார் மச்சான், பெயரைத் தவிர. நடுவில் தன் வேலை ஞாபகம் வந்து சமையல் நடக்கும் குசினிப் பக்கம் பார்த்து, “அம்மா, போன மாசம் எப்பவாவது சாப்பாட்டுக்குக் குறைவா இருந்ததா?” என்று கேட்டார். உங்கள் ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “என்னத்தச் சொல்ற தம்பி, அல்லாஹ் தந்ததத் திண்டுகிட்டு ஏதோ கிடக்கம்.”

அந்தப் பிள்ளை பிடித்த கோழிக்காலை அப்படியே சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. இல்லாத வீட்டுக்காரர்கள் இருந்த கடைசிக் கோழியையும் தனக்கு அறுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். “இத நீங்க வச்சுச் சாப்பிடுங்க அம்மா, எனக்குப் போதும்” என்று சட்டியை உள்ளே தள்ளினார். நம் வீட்டில் சட்டியைத் தள்ளியவர் இதுவரை யாருமில்லை. ராத்தாவின் முகம் போன போக்கை நான் சொல்லத் தேவையில்லை. “ஏன், கறி உறைப்பா?” என்று கேட்டு இன்னும் இரண்டு துண்டு வைத்தார். தம்பிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உறைப்புத்தான் என்று முடிவு கட்டிய பரீதா ஓடிப்போய் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டு வந்தாள். தயிரைக் கண்டதும் அவர் இன்னும் அழுதார். நல்ல பிள்ளை மச்சான், அவரில் ஒரு குறையும் இல்லை. அவருக்குச் சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க வேண்டும்.

இறங்குதுறையில் லோஞ்சுக்குக் காத்து நிற்கும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, கோழி குடுத்தது பிழை. இந்தச் சனத்துக்கு உடனடியா நிவாரணக் கோதுமை மா குடுக்கச் சொல்லி எழுதப் போறன். அடுத்த கட்டம் தேவையில்ல” என்றார். எனக்கு அசனாவின் கூடு கண்ணுக்குள் வந்து நின்றது. “இல்ல தம்பி” என்று ஆரம்பித்தேன். அவருக்குச் சந்தோசம். “அப்ப சொல்லுங்க, உங்கட வீட்டில கோழி எப்படி, முட்டை கிடைக்குதா?” என்று கேட்டார். மீன் பெட்டியோடு நின்றவர்கள், லோஞ்சுக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கதையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். ஊரில் பாதி அங்கே நிற்கிறது. இத்தனை கண்ணுக்கு முன்னால் எப்படிச் சொல்வேன் மச்சான்? “ஏதோ கிடக்கு தம்பி” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறினார், லோஞ்சு போய்விட்டது.

ஆகவே அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு வசனத்துக்கும் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டே படியுங்கள். பக்கத்து மேசையில் யாராவது இருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள். கோழிகள் நன்றாக இருக்கின்றன. பரீதாவின் கோழிகள் இடுகிற முட்டையைப் பார்த்தால் அவை தூங்குகின்றனவா என்பதே சந்தேகம். போன மாரியில் கடல் கொந்தளித்துத் தோணி இறக்க முடியாமல் ஆண்கள் வீட்டில் குந்திக்கொண்டிருந்தார்களே, அந்த நாட்களில் இந்தப் பெண்கள்தான் முட்டையையும் கத்தரிக்காயையும் லோஞ்சில் பட்டினத்துக்கு அனுப்பி வீட்டுக்கு அரிசி எடுத்தார்கள். பஞ்சத்தில் காலையும் மாலையும் மரவள்ளிக்கிழங்கைப் பார்த்து முகம் சுளித்த பிள்ளைகள் இன்று முட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஓய்வூதியம் எடுக்கிற என் வீட்டிலும் மாதக் கடைசியில் சோற்றுக்குத் துணை உங்கள் ராத்தாவின் கோழிதான். அறிக்கையை மாற்றித் தட்டச் சொல்லவில்லை, அது பாவம். அந்தத் தம்பிக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மா வேண்டாம். அசனாவுக்குக் குஞ்சு வேண்டும்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியையும், பெரிய துரைக்கு உங்கள் மேல் இரக்கத்தையும் அல்லாஹ் தருவானாக. ராத்தா ஸலாம் சொல்லச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் இல்லை, மத்தியானத்திலிருந்து ஆளைக் காணவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
முத்தலிப்

பி.கு: ராத்தா வந்துவிட்டார். தன் தம்பி உங்களுக்குப் போகும் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். கோழிகள் நன்றாக இருக்கின்றன என்ற இடத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “உங்களுக்கென்ன புத்தி பேதலிச்சிட்டா, இத எத்தின கண் படிக்கப் போகுது?” என்றார். ஆகையால் மேலே எழுதியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கோழிகள் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. பரீதாவின் கோழிகள் தூங்குகின்றன. மாரியில் ஏதோ சமாளித்தோம். சிவகுருநாதன் தம்பியிடம் ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டாம். “கேள்வி ஒண்டும் கொண்டு வராம, பசியோட வந்து பத்து நாள் எங்கட வீட்டில நிக்கச் சொல்லுங்க, பிறகு விரும்பினத எழுதட்டும்” என்பது ராத்தாவின் சொல். அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

மத்தியானம் முழுக்க எங்கே போனீர் என்று கேட்டேன். அந்த இருமல்தான் பதில். தபாலுக்குப் போகும் வழியில் எனக்கே தெரிந்தது. சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக முக்காட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மீன்காரத் தெருவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். என்னிடம் சொன்னால் என் வாய் சும்மா இருக்காதாம். நான் அசனாவின் வளவுக்குள் நுழைந்ததும் அவள் ஓடி வந்து கூட்டுக்கு முன்னால் முக்காட்டை அகல விரித்துக்கொண்டு நின்றாள். “என்ன காக்கா பாக்கிறீங்க, அதுக்குள்ள ஒண்டும் இல்ல” என்றாள், கூடப்பிறந்த காக்கா என்னிடமே. உள்ளே ஒரே கொக்கரிப்பு. இந்தப் பக்கத்தை அவள் முற்றத்தில் குந்தியிருந்துதான் எழுதுகிறேன், இன்னும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் மாப்பிள்ளை கடலுக்குப் போன பிறகு, ஒருவர் கண்ணிலிருந்து மறைத்து வைக்க அவளிடம் ஒன்றுமே இருந்ததில்லை மச்சான்.